பௌலிங் பந்தின் அடைத்த துளை: நிறப் பொருத்தத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சமூக அறிவியல் பயிலும் இந்திய மாணவர்களுக்குப் பௌலிங் என்னும் விளையாட்டு பெரும்பாலும் ஒரு நூல் தலைப்பின் வழியாகவே அறிமுகமாகிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1995இல் ‘பௌலிங் அலோன்’ என்ற கட்டுரையையும், 2000இல் அதே தலைப்பில் ஒரு நூலையும் வெளியிட்டார். 1980க்கும் 1993க்கும் இடையில் அமெரிக்காவில் பௌலிங் ஆடுவோர் தொகை 10 விழுக்காடு கூடியது. அதே காலத்தில் குழுக்களாகப் பதிவுசெய்து லீக் ஆட்டங்களில் ஆடுவது 40 விழுக்காடு குறைந்தது. கூட்டு வாழ்வின் தேய்வுக்கு இந்த முரண் ஒரு குறியீடாயிற்று. புட்னம் எண்ணியது ஆடியவர்களை. அவர்கள் கையிலிருந்த பந்தும், அந்தப் பந்தைப் பழுதுபார்த்துக் கொடுத்தவரும் அவருடைய கேள்வியின் எல்லைக்குள் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் பொருள்களின் வரலாற்றை எழுத முனைவோருக்கு அந்தப் பழுதுபார்ப்பவர் முக்கியமானவர். அவர் செய்யும் வேலைகளுள் மிகச் சிறியதொன்று, பழைய விரல்துளையை ரெசின் ஊற்றி அடைத்து, அடைத்த இடம் கண்ணில் படாதபடி நிறம் கூட்டுவது. நுகர்வோரின் சிறு ஆசையைத் தீர்க்கும் ஒப்பனை வேலையாகவே இது தோன்றும். எனினும் பொருளியல், நிற அறிவியல், விளையாட்டு ஒழுங்குமுறை, உழைப்பின் மறைவு ஆகிய நான்கு வரலாறுகள் இந்தச் சிறு துளையில் சந்திக்கின்றன. நிறப் பொருத்தம் என்ற சிக்கல் எப்போதும் இருந்ததன்று. ஒரு குறிப்பிட்ட பொருள், ஒரு குறிப்பிட்ட காலத்தில் அதை உண்டாக்கியது.

முதலில் பந்தைப் பற்றி. இங்கே பௌலிங் என்பது கிரிக்கெட் பந்துவீச்சைக் குறிக்கவில்லை. நீண்ட மரத் தடத்தின் முனையில் நிறுத்திய பத்துப் பின்களை நோக்கிக் கனமான பந்தை உருட்டும் ஆட்டம் இது. பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 27 அங்குலம். உச்ச எடை 16 பவுண்டு, அதாவது சுமார் 7.26 கிலோ. பெருவிரலுக்கு ஒன்றும், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றுமாக மூன்று துளைகள் இருப்பது இன்றைய வழக்கம். வணிக வளாகங்களில் வாடகைக்குக் கிடைக்கும் பந்துகளின் துளைகள் எல்லார் விரலுக்கும் ஓரளவு பொருந்துமாறு அமைந்தவை. தேர்ந்த ஆட்டக்காரரின் பந்து அப்படிப்பட்டதன்று. தொழிற்சாலையிலிருந்து அது துளையின்றியே வருகிறது. கடைக்காரர் ஆட்டக்காரரின் கையை அளந்து, விரல்களுக்கு இடையிலான தூரம், துளையின் சாய்வு, ஆழம், விட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு துளைக்கிறார். துளைத்த பிறகு அந்தப் பந்து இன்னொருவர் கைக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

கையோ மாறிக்கொண்டே இருக்கிறது. வயது ஏறும்போது மூட்டுகள் இறுகுகின்றன. காயம் பட்டால் பிடியை மாற்ற வேண்டியிருக்கிறது. பந்து வேறு கோணத்தில் வளைய வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் கனமான மையக்கருவுக்கும் துளைகளுக்கும் இடையிலுள்ள உறவை மாற்ற வேண்டும். பழைய பந்தை ஒருவர் விலைக்கு வாங்கினால் விற்றவருடைய கை அதில் பதிந்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் தீர்வு ஒன்றே: பழைய துளையை அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைப்பது. அடைத்த துளை என்பது பந்தின் முந்தைய உரிமையாளரையோ, அதே உரிமையாளரின் முந்தைய கையையோ மூடி வைத்த இடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பந்துகள் மரத்தாலானவை. கரீபியத் தீவுகளிலும் தென்னமெரிக்காவின் வட கரையிலும் வளரும் ‘லிக்னம் வீட்டே’ என்ற மரம் அதற்கு உகந்ததாக இருந்தது. நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான மரம் அது. இயல்பாகவே எண்ணெய்ப் பிசின் நிறைந்திருப்பதால் கப்பல் உந்துதண்டின் தாங்கிகளுக்கும் பயன்பட்டது. ஆயினும் மரம் மரந்தான். ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்கு வெடிக்கும், நாளடைவில் உருண்டை வடிவம் கெடும். மரப்பந்தின் முதன்மைச் சிக்கல் வடிவம். நிறம் அங்கே ஒரு கேள்வியாக எழவில்லை. 1895 செப்டம்பரில் நியூயார்க்கில் உருவான அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் பந்தின் அளவையும் எடையையும் வரையறுத்தபோது, ஒரே சீராக வடிவம் காக்கும் பொருளுக்கான தேவை மேலும் கூடியது.

1905இல் ‘எவர்ட்ரூ’ என்ற கடின ரப்பர் பந்து வந்தது. என்றும் வடிவம் மாறாதது என்பதே பெயரின் பொருள். மரப்பந்தின் குறையைச் சுட்டியே புதியது தன்னை விற்றுக்கொண்டது. 1914இல் பிரன்ஸ்விக் நிறுவனம் ‘மினரலைட்’ பந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடின ரப்பர் அப்போதே அரை நூற்றாண்டுப் பழமை கொண்ட பொருள். சார்லஸ் குட்இயரின் தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சாதாரண ரப்பரில் சிறிதளவே சேரும் கந்தகத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் ரப்பர் கருங்காலிபோல் இறுகிக் கறுக்கும். எபோனைட் என்ற பெயரே கருங்காலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மையூற்றுப் பேனாவின் உடல், மின்கலப் பெட்டி, புகைக்குழாயின் வாய்ப்பகுதி எனப் பலவும் இதனால் செய்யப்பட்டன.

ஏறத்தாழ அடுத்த ஐம்பதாண்டுக் காலம் பௌலிங் பந்து என்றால் பெரும்பாலும் கருப்புப் பந்துதான். கருப்பு நிறத்தை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அது வேதியியலின் துணைவிளைவு. இக்காலத்தின் பழுதுபார்ப்பில் நிறப் பொருத்தம் ஒரு தனித்திறனாக வளராததன் காரணம் வெளிப்படை. கருப்பில் கருப்பைச் சேர்ப்பதற்குக் கண் அதிகம் பழக வேண்டியதில்லை. ஆனால் கடின ரப்பரைக் கடையின் மேசையில் வைத்துத் துளைக்குள் உருவாக்கவும் முடியாது. அதற்கு அச்சும் அழுத்தமும் பல மணி நேரச் சூடும் வேண்டும். எனவே ரப்பர் காலத்தில் நிறம் எளிது, பொருளே கடினம்.

இந்த உறவை 1960ஐ ஒட்டி வந்த பாலியெஸ்டர் பந்து தலைகீழாக்கியது. இங்கே பாலியெஸ்டர் என்பது துணி இழை அன்று. திரவமாக ஊற்றி இறுக வைக்கும் ரெசின். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்ணாடி இழையுடன் சேர்ந்து வளர்ந்த இந்தப் பொருள், போருக்குப் பின் படகு, சட்டைப் பொத்தான், மோட்டார் வாகன உடல் என்று பரவியது. 1953இல் வெளிவந்த செவர்லே கார்வெட் வாகனத்தின் உடல் இதனாலானது. பந்து உற்பத்தியாளருக்கு இதில் இரண்டு நன்மைகள் கிட்டின. ஒன்று, ரெசின் ஏறத்தாழ நிறமற்றது. எந்த நிறத்தையும் ஏற்கும். மற்றொன்று, சிறிதளவு வினையூக்கி சேர்த்தால் அறை வெப்பநிலையிலேயே இறுகும். ஊற்றும்போது இரண்டு மூன்று நிறங்களை முழுதாகக் கலக்காமல் விட்டால் பளிங்குபோன்ற சுழல் கோலங்கள் கிடைக்கும். வானியற்பியல் படங்களை நினைவூட்டும் நீலமும் ஊதாவும், கடலைப்போன்ற பச்சையும், தீயைப்போன்ற சிவப்பும் பௌலிங் தடங்களில் உருளத் தொடங்கின. 1950களில் பின்களைத் தாமே எடுத்து நிறுத்தும் இயந்திரங்கள் பரவியதால் பௌலிங் கூடங்கள் பெருகியிருந்தன. அந்தப் பெருக்கம் வண்ணப் பந்துக்குப் பெரிய சந்தையைத் தந்தது.

பழுதுபார்ப்பவரைப் பொறுத்தவரை ஒரே பொருள் இரண்டு காரியங்களைச் செய்தது. அது வண்ணத்தைக் கொண்டுவந்ததால் நிறப் பொருத்தம் என்ற சிக்கலை உண்டாக்கியது. கடையிலேயே ஊற்றி இறுக வைக்கக்கூடியதாக இருந்ததால் அந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியையும் தந்தது. இந்த இரட்டைத் தன்மைதான் நிறம் கூட்டும் கைத்தொழிலின் தோற்றுவாய்.

அந்தத் தொழிலின் செய்முறை சொல்லிவிடுவதற்கு எளியது. துளையின் உட்சுவரில் படிந்த எண்ணெயையும் அழுக்கையும் நீக்கி, ரெசின் பற்றுவதற்காகச் சுவரைச் சொரசொரப்பாக்குவர். துளையின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடாவால் சிறு கரை கட்டி, ரெசின் பந்தின் மட்டத்துக்கு மேலே சற்று நிற்குமாறு ஊற்றுவர். பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். அந்த உயரம் அதற்கான ஈடு. இறுகிய பின் மேடாக நிற்கும் பகுதியை அரத்தாலோ எந்திரத்தாலோ சீவி, உப்புத்தாளின் பருமட்டத்திலிருந்து நுண்மட்டம் வரை தேய்த்துப் பந்தின் வளைவோடு ஒன்றாக்குவர். சாயம் சேர்ப்பது ஊற்றுவதற்கு முன், கோப்பையில். தொழிலின் கடினமெல்லாம் அந்தக் கோப்பையில்தான் இருக்கிறது.

ஏனெனில் கோப்பையில் காணும் நிறம் துளையில் காணப்போகும் நிறமன்று. முதற்காரணம் ஆழம். ஒளி புகும் பொருளில் தடிப்பு கூடக்கூட நிறம் அடர்ந்து தோன்றும். மெல்லிய பூச்சாகக் குச்சியில் வழியும்போது வெளிர்சிவப்பாக இருப்பது அரை அங்குல ஆழத்தில் குருதிச் சிவப்பாகும். இரண்டாவது, ரெசினுக்குத் தனக்கென ஓர் இளமஞ்சள் சாயல் உண்டு. வெண்மையும் இளநீலமும் கூட்டும்போது அது குறுக்கிடும். நீலம் பச்சைப்பக்கம் சாயும். மூன்றாவது, இறுகுதல். வினையூக்கி சேர்ந்ததும் வெப்பம் எழும்; இறுகி முடிக்கும்போது சில சாயங்கள் சற்று மாறி நிற்கும். நான்காவது, மேற்பரப்பு. உப்புத்தாள் பட்ட சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வெளிறித் தோன்றும். மெருகேற்றியதும் அதே பரப்பு ஆழ்ந்த நிறம் பெறும். ஆகவே மெருகு பெற்ற பந்தோடு மெருகு பெறாத மாதிரியை ஒப்பிடுவது பொருளற்றது. தேய்த்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் பார்த்தால் மெருகுக்குப் பின் வரும் நிறத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

சாயத்துக்கும் நிறமிக்கும் உள்ள வேறுபாடும் இங்கே நடைமுறைப் பொருள் பெறுகிறது. சாயம் ரெசினில் கரையும். ஒளியை உள்ளே விடும். நிறமி கரையாத நுண்துகள், ஒளியை மறைக்கும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பந்தில் நிறமி கலந்த அடைப்பு, சாயல் சரியாக இருந்தும், சுவரில் பூசிய சாந்துபோல் தனித்து நிற்கும். ஒளிபுகாப் பந்தில் வெறும் சாயம் கலந்த அடைப்பு ஒரு கிணறுபோல் இருண்டு தெரியும். நிறத்தைப் பொருத்துவதற்கு முன் ஒளிபுகும் தன்மையைப் பொருத்த வேண்டும் என்பதே இத்தொழிலின் முதற்பாடம். பல நிறம் சுழலும் பந்தில் எந்த நிறத்தைத் தேர்வது என்பது அடுத்த கேள்வி. துளையைச் சுற்றியுள்ள நிறங்களில் அடர்ந்ததைத் தேர்ந்தால் கண் அதைக் கோலத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும். இரண்டு கோப்பைகளில் இரு நிறம் கலந்து ஒருசேர ஊற்றினால் சுழல் தொடர்வதுபோல் தோன்றும்.

இத்தனை அனுபவ அறிவும் தேவைப்படுவது ஏன், நிறத்தை அளக்கும் அறிவியல் வளர்ந்திருக்கிறதே என்று கேட்கலாம். வளர்ந்துதான் இருக்கிறது. எவர்ட்ரூ பந்து வந்த அதே 1905இல் ஆல்பர்ட் மன்செல் என்ற பாஸ்டன் ஓவிய ஆசிரியர் சாயல், ஒளிர்வு, செறிவு என்ற மூன்று அச்சுகளில் நிறங்களை வரிசைப்படுத்தும் முறையை நூலாக வெளியிட்டார். 1931இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் மனிதக் கண்ணின் நிற உணர்வை எண்களாக வரையறுத்தது. அதே ஆண்டில் பவுல் குபேல்காவும் ஃபிரான்ட்ஸ் முங்க்கும், ஒரு பூச்சு எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்பதைக் கொண்டு அதன் தோற்றத்தைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தனர். 1958இல் இச்சமன்பாட்டின் அடிப்படையில் நிறக் கலவையைக் கணக்கிடும் ‘காமிக்’ என்ற ஒப்புமைக் கணிப்பொறி அமெரிக்காவில் வந்தது. வண்ணப் பந்து வருவதற்கு முன்பே அதன் நிறத்தைக் கணக்கிடும் வழி இருந்தது என்பதே இதன் பொருள்.

ஆனால் அந்த அறிவு துணி ஆலைக்கும் பெயிண்ட் தொழிற்சாலைக்கும் உரியதாக இருந்தது. ஒரே நிறத்தை ஆயிரக்கணக்கான லிட்டர் கலப்பவருக்குக் கருவியின் விலை ஈடாகும். ஒவ்வொரு பந்துக்கும் சில மில்லிலிட்டர் புதிய நிறம் கலப்பவருக்கு ஈடாகாது. மேலும், மெட்டாமெரிசம் எனப்படும் நிகழ்வு கருவிக்கும் கண்ணுக்கும் பொதுவான எல்லையை வகுக்கிறது. வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பரப்புகள் ஓர் ஒளியில் ஒன்றுபோலவும் இன்னோர் ஒளியில் வேறாகவும் தோன்றலாம். கடையின் குழல்விளக்கில் கச்சிதமாகப் பொருந்திய அடைப்பு, வெயிலில் வாகனத்தின் பின்பெட்டியைத் திறக்கும்போது பல்லைக் காட்டிவிடும். இதைத் தவிர்க்க ஒரே வழி தொழிற்சாலை பயன்படுத்திய அதே நிறமிகளைப் பயன்படுத்துவது. 1935இல் சந்தைக்கு வந்த தாலோசயனின் நீலமா, 1958இல் டுபாண்ட் வெளியிட்ட குவினாக்ரிடோன் சிவப்பா, வேறொன்றா என்பது பந்தின்மேல் எழுதப்பட்டிருக்காது. கலவைக் குறிப்பு நிறுவனத்தின் வணிக இரகசியம். அதைக் கண்ணால் மீட்டெடுக்க முயல்வது பழுதுபார்ப்பவரின் அன்றாடம். மைக்கேல் பொலானி 1966இல் வெளியான தம் நூலில், சொல்லக்கூடியதைவிட மனிதர் கூடுதலாக அறிந்திருக்கிறார் என்று வாதிட்டார். அந்த வாதத்துக்கு ஆய்வகங்களிலிருந்து எடுத்துக்காட்டு தேடுவோர் இந்தக் கோப்பையையும் பார்க்கலாம்.

1981இல் யூரித்தேன் பந்தும், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்தும் வந்தன. தடத்தில் பூசும் எண்ணெயை மீறி மரத்தைப் பற்றி வளையும் ஆற்றல் இவற்றுக்கு அதிகம். ரியாக்டிவ் பந்தின் மேலோடு நுண்துளைகள் உடையது; தடத்து எண்ணெயை உறிஞ்சுவது. இதனால் நிறப் பொருத்தத்துக்குள் காலம் என்ற புதிய பரிமாணம் நுழைந்தது. பந்து எண்ணெய் குடித்து நாளடைவில் கறுக்கிறது. அடைப்பாக ஊற்றிய ரெசின் அதே வேகத்தில் கறுப்பதில்லை. இன்று பொருந்திய நிறம் அடுத்த ஆண்டு பொருந்தாமற்போகிறது. ஓவியங்களைச் செப்பனிடுவோர் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது: இரண்டு பொருள்கள் ஒரே நாளில் ஒத்திருக்கலாம், அவை ஒன்றாக முதுமை அடைவதில்லை.

ஒழுங்குமுறையின் பார்வையில் இந்த உழைப்புக்கு இடமில்லை. அமைப்புகள் அளந்தவை எடை, சுற்றளவு, சமநிலை, மேற்பரப்பின் கடினம் ஆகியவை. 1973இல் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்கூன் தம் பாலியெஸ்டர் பந்துகளை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊற வைத்து மேலோட்டை மென்மையாக்கி, அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற தகுதியைப் பெற்றார். அப்போது அது விதிமீறல் அன்று. அதன்பின் கடினத்துக்குக் கீழ்வரம்பு விதிக்கப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத மென்மைக்கு விதி வந்தது. கண்ணுக்குப் புலப்படும் நிறம் ஆட்டத்தைப் பாதிக்காததால் விதியின் அக்கறைக்குள் வரவில்லை.

பந்தின் நிறத்தைக் கண்டுகொள்ளாத அதே அமைப்பு மனிதரின் நிறத்துக்கு விதி வைத்திருந்தது என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் 1916 முதல் 1950 வரை வெள்ளையின ஆண்களுக்கு மட்டுமே உறுப்புரிமை தந்தது. அதற்கு எதிர்வினையாக 1939இல் டெட்ராய்ட்டில் கறுப்பின மக்கள் தமக்கெனத் தேசியச் சங்கம் ஒன்றை நிறுவினர். மோட்டார்த் தொழிலாளர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகளின் அழுத்தத்தால் 1950இல் அந்த விதி நீங்கியது. விதி நீங்கிய பின்னும் கூடங்களின் கதவுகள் எங்கும் திறந்துவிடவில்லை. 1968 பிப்ரவரி 8 அன்று தென்கரோலினாவின் ஆரஞ்ச்பர்க் நகரில், வெள்ளையருக்கு மட்டுமான ஒரு பௌலிங் கூடத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாகக் காவல்துறை சுட்டதில் கறுப்பின இளைஞர் மூவர் உயிரிழந்தனர். வண்ணப் பந்துகள் தடங்களை நிறைத்த பத்தாண்டின் இன்னொரு முகம் அது. விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றை விளம்பரங்களிலிருந்து மட்டும் எழுதினால் இம்முகம் விடுபட்டுவிடும்.

நிறம் விதியில் இல்லாவிட்டாலும், விதி மாறியபோது நிறம் கூட்டுபவரின் வேலை பெருகியது. பிடிக்குப் பயன்படாத, எடைச் சமநிலைக்காக மட்டும் இடும் கூடுதல் துளை பல ஆண்டுகள் அனுமதிக்கப்பட்டிருந்தது. அமெரிக்க பௌலிங் காங்கிரசின் வழிவந்த இன்றைய தேசிய அமைப்பு 2018இல் அறிவித்த மாற்றத்தின்படி, 2020 ஆகஸ்ட் 1 முதல் அத்தகைய துளைகள் தடைசெய்யப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட ஆட்டங்களில் பயன்படுத்த வேண்டுமென்றால் அந்தத் துளையை அடைத்தாக வேண்டும். விதி சொன்னது அடைக்க வேண்டும் என்று மட்டுமே. எந்த நிறத்தில் என்பதைச் சொல்லவில்லை. சிலர் பந்தின் நிறத்தோடு ஒன்றுமாறு கேட்டனர். சிலர் கருப்பு போதும் என்றனர். சிலர் வேண்டுமென்றே மாறுபட்ட நிறத்தில் ஒரு புள்ளியாக விட்டனர்.

அடைப்பை மறைப்பதா, காட்டுவதா என்ற இந்தக் கேள்வி அருங்காட்சியக உலகில் தத்துவமாக வளர்ந்தது. 1939இல் ரோமில் நிறுவப்பட்ட மத்திய செப்பனிடல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் செசாரே பிராண்டி, சிதைந்த ஓவியத்தின் இழப்பை நிரப்பும்போது தூரத்தில் நின்றால் ஒன்றாகவும் அருகில் வந்தால் வேறாகவும் தெரியும் நுண்கோட்டு முறையை வளர்த்தெடுத்தார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், நினைவுச் சின்னங்களில் இழந்த பகுதிகளுக்கு ஈடாக வைப்பவை முழுமையோடு இணங்க வேண்டும் என்றும், அதே சமயம் மூலத்திலிருந்து பிரித்தறியத் தக்கவையாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. வரலாற்றுச் சான்றைப் பொய்யாக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. பௌலிங் கடையில் நேர்மை வேறு விதமாக அளக்கப்படுகிறது. வாடிக்கையாளர் முழு மறைவையே கேட்கிறார். மறைவின் தரமே கூலியின் தகுதி. அதே மறைவு, அந்தப் பந்து மறுவிற்பனைக்கு வரும்போது, வாங்குபவரிடம் ஓர் உண்மையை ஒளிக்கிறது. அடைப்பு எத்தனை, எங்கே என்று விற்பவர் சொல்லியாக வேண்டும். கண் கண்டுபிடிக்க முடியாததைச் சொல் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

மறைவு இன்னொரு திசையிலும் நீள்கிறது. பாலியெஸ்டர் ரெசினில் கரைப்பானாக இருக்கும் ஸ்டைரீன் ஆவியாகி மூச்சில் கலக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை மனிதரில் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. வினையூக்கியான பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காற்றோட்டம் குறைந்த சிறு கடையின் பின்னறையில் இவற்றைக் கையாள்பவரின் உடல், பளபளக்கும் பந்தில் தெரிவதில்லை.

முத்துபோல் மினுங்கும் பந்துகளின் கதை இந்தியாவரை வரும். அந்த மினுமினுப்பைத் தருவது ரெசினில் கலந்த மைக்கா துகள். உலகச் சந்தையின் மைக்காவுக்கு ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடீஹ் பகுதிகளும் பீகாரின் நவாதா பகுதியும் நீண்ட காலமாக முக்கியமான ஊற்றுக்கண்கள். 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முறையான சுரங்கங்கள் பல மூடப்பட்டன. கைவிடப்பட்ட குழிகளிலும் கழிவு மேடுகளிலும் மைக்காச் சில்லுகளைப் பொறுக்குவது ஏழைக் குடும்பங்களின் பிழைப்பாயிற்று. அவர்களோடு குழந்தைகளும் உழைப்பதும், குழி சரிந்து உயிர்கள் போவதும் இந்நூற்றாண்டில் பலமுறை வெளிவந்த செய்தி. நிறமியாக மாறி, அழகுச் சாதனமாகவும் வாகனப் பூச்சாகவும் நெகிழிப் பொருளாகவும் உலகெங்கும் போய்ச் சேரும்போது அந்தச் சில்லில் பொறுக்கியவரின் விரலடையாளம் எஞ்சுவதில்லை.

தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில், தொழில்நுட்பத்தின் வரலாறு கண்டுபிடிப்புகளை மையமாக வைத்தே எழுதப்படுகிறது, பயன்பாடும் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் விடுபடுகின்றன என்று வாதிட்டார். பௌலிங் பந்து அதற்கு நல்ல சான்று. மரம், ரப்பர், பாலியெஸ்டர், யூரித்தேன், ரியாக்டிவ் ரெசின் என்ற வரிசை விளையாட்டு வரலாற்று நூல்களில் ஆண்டுகளோடு கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளும் துளை அடைப்பவரிடம் எந்தப் புதிய திறனைக் கோரியது என்பது அந்த வரிசையில் இல்லை. புதுமைக்குக் காப்புரிமை ஆவணம் உண்டு, விளம்பரம் உண்டு, சில சமயம் வழக்கும் உண்டு. பழுதுபார்ப்புக்குப் பற்றுச்சீட்டுகூட நிலைப்பதில்லை.

நிறம் கூட்டுபவரின் நிலை மற்றப் பழுதுபார்ப்பவர்களைக் காட்டிலும் ஒரு படி கடினமானது. தைத்த செருப்பில் தையல் தெரியும். ஈயம் பூசிய பாத்திரத்தில் பூச்சு தெரியும். நிறம் கூட்டியவர் தோற்றால் மட்டுமே அவர் வேலை தெரியும். வெற்றி பெற்ற அடைப்பு எதுவும் தன்னைச் சான்றாக விட்டுச்செல்வதில்லை. எதிர்காலத்தின் காப்பகத்துக்குப் போய்ச் சேரப்போவது பொருந்தாமற்போன நிறங்கள்தாம். ஆகவே இத்தகைய தொழில்களை ஆராய விழைவோர் பொருளை மட்டும் நம்ப முடியாது. கலவைக் கோப்பைகளின் அடியில் உறைந்த நிறங்கள், சுவரில் ஒட்டி வைத்த மாதிரித் துண்டுகள், கடைக்காரரின் குறிப்பேடு, எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய வாய்மொழி ஆகியவையே சான்றுகள்.

புட்னம் கண்ட தேய்வு இங்கே திரும்ப வருகிறது. சொந்தப் பந்து வைத்து வாரந்தோறும் ஆடிய லீக் ஆட்டக்காரர்களே இக்கடைகளின் வாடிக்கையாளர்கள். அவர்கள் குறைந்தால் பந்தைத் துளைப்பவரும் அடைப்பவரும் குறைவர். கண்ணில் தேங்கிய அறிவுக்கு வேறு இருப்பிடம் கிடையாது. அதைக் கேட்டுப் பதிவுசெய்யும் ஆய்வாளர், அந்தக் கடைகள் மூடுவதற்கு முன் அங்கே சென்று சேர வேண்டும்.